புதுப்பிப்பு: கல்லடி தேவாலயப் பாடகர் குழு

ஆவணியில் இங்கே புலம்பியிருந்தேன்: பாடகர் குழுவைப் பொறுப்பெடுத்தேன், பதினொரு பேர் நான்காகிவிட்டார்கள், சபையும் வாய் திறப்பதில்லை என்று. இப்போது ஒன்பது பேர்.

சுருதியைக் குறைக்கச் சொன்னவர்களுக்கு முதல் நன்றி. எஃப் சுருதியில் வாசித்த பாட்டுகள் மேல் எஃப் வரை ஏறின. காலை ஏழு மணிக்கு அந்தச் சுரத்தை எட்ட யாரால் முடியும்? கீபோட்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸை மைனஸ் மூன்றில் வைத்து டி-க்கு இறக்கினோம். இரண்டாம் ஞாயிறே பின்வரிசை வாங்கில் இருக்கும் அம்மாமார் பாடியது முன்னுக்குக் கேட்டது.

அடுத்தது கீர்த்தனை. அதன் தாளம் மிஸ்ர சாபு; ஒரு சுற்றில் மூன்றும் நான்கும், ஏழு எண்ணிக்கை. எங்கள் கீபோட் ரிதமோ நான்கு நான்காகத்தான் அடிக்கும். அதற்குள் ஏழு எண்ணிக்கையை அமுக்கியதால்தான் சபை தடுமாறியிருக்கிறது. ரிதத்தை நிறுத்திவிட்டு, தபேலா பழகும் ஒரு தம்பியை இருத்தினேன். அவனும் முதல் வாரம் தாளத்தில் வேகமாக ஓடினான், அது வேறு கதை.

பயிற்சி நாளைச் சனியிலிருந்து வியாழன் இரவுக்கு மாற்றினேன். சனி முழுக்கப் பிள்ளைகளுக்கு ரியூசன். இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

தீராதது ஒன்று: மூத்த அண்ணர் ஒருவர் மைக்கை விடமாட்டார். போதகர் ஐயாவிடம் போகவேண்டாம், நீயே கதை என்றீர்கள். கதைத்தேன். "சரி மகன்" என்றார். அடுத்த ஞாயிறும் மைக் அவரிடம்தான்.