சிங்கப்பூரில் 9 நாள்: ஊரிலிருந்து பட்டன் போனில் வரும் கால் என் நம்பரில் அடிக்க வேண்டும், என்ன செய்யலாம்?

கொள்ளிடக்கரை:

வணக்கம். அடுத்த மாதம் நானும் கணவரும் சிங்கப்பூர் போகிறோம். தங்கை மகளுக்கு சிராங்கூன் ரோடு ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவிலில் கல்யாணம். திருச்சியிலிருந்து நேர் விமானம், போய்வர மொத்தம் 9 நாள். தங்கப்போவது யீஷூனில் தங்கை வீட்டில். அங்கே வைஃபை உண்டு.

தேடிப் பார்த்தால் எல்லோரும் எத்தனை ஜிபி, எது மலிவு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். என் கவலை அதுவல்ல. அப்பாவுக்கு 81 வயது. இரண்டு வருடம் முன்பு பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது. ஒரு அக்கா வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்கிறார். பொறுமையானவர், அப்பாவுக்கும் அவரைப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் அவரிடம் இருப்பது பட்டன் போன். டச் போன் ஒன்று வாங்கிக் கொடுத்து ஒரு வாரம் வாட்ஸ்அப் சொல்லிக்கொடுத்தேன். தவறாக எதையாவது தொட்டுவிடுவோமோ என்று பயந்து அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். அவசரம் என்றால் பட்டன் போனில் 2-ஐ அழுத்திப் பிடிப்பார், எனக்கு வரும். 3-ஐ அழுத்தினால் என் கணவருக்கு. இவ்வளவுதான் எங்கள் ஏற்பாடு. அந்தக் கால் சிங்கப்பூரில் என் கையில் இருக்கும் போனில் அடிக்க வேண்டும்.

இன்னொன்று, அப்பாவின் பென்ஷன் கணக்குக்கான ஓடிபியும் என் நம்பருக்குத்தான் வரும். மருந்துக்கடைக்கு யூபிஐயில் அனுப்புவதும் நான்தான்.

என் போன் இரண்டு சிம் போடும் 5ஜி ஆண்ட்ராய்டு, வாங்கி ஒரு வருடம் ஆகிறது. கணவருடையது 2016-இல் வாங்கிய 4ஜி போன், இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. உறவினர் ஒருவர், "ரோமிங் என்றாலே காசைக் கரைத்துவிடும், இறங்கியதும் நம்ம சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு அங்கத்து சிம் போட்டுக்கொள்" என்கிறார். 2015-இல் போனபோது அப்படித்தான் செய்தேன். அப்போது அப்பா காலையில் தானே நடந்துபோய்ப் பால் வாங்கி வருவார். இப்போது கழற்ற மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:

அக்கா, சிம்மைக் கழற்றாதீங்க. உங்க போன்ல ரெண்டு இடம் இருக்கு. முதல் இடத்துல ஊர் சிம் அப்படியே இருக்கட்டும், ரெண்டாவதுல இங்கத்து டூரிஸ்ட் சிம் போடுங்க. கால், எஸ்எம்எஸ் எல்லாம் ஊர் சிம்முக்கு, நெட் மட்டும் இங்கத்து சிம்முக்கு. ஊர் சிம்மை வெளியே எடுத்தா சில யூபிஐ ஆப், "சிம் மாறிடுச்சு, திரும்பப் பதிவு பண்ணு"ன்னு நிக்கும். இங்கேருந்து அதைச் சரிபண்றது பெரிய தலைவலி. நான் அனுபவிச்சிருக்கேன்.

டூரிஸ்ட் சிம் சாங்கி ஏர்போர்ட்ல இறங்கி வெளியே வந்ததும் நாணய மாற்றுக் கடையிலேயே கிடைக்கும். செவன் லெவன்லயும் வாங்கலாம். பாஸ்போர்ட் காட்டிப் பதிவு பண்ணணும், அதனால பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள்ள போட்டுடாதீங்க. என் அம்மா வந்தப்ப 15 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கினோம். வீட்ல வைஃபை இருக்கறதால இருக்கறதுலயே சின்னதா எடுத்தாப் போதும்.

இப்ப முக்கியமான விஷயம். நீங்க 2015-ல வந்தப்ப இருந்த சிங்கப்பூர் இல்ல இது, போன் விஷயத்துல. இங்க 2ஜி 2017 ஏப்ரல்ல நின்னுடுச்சு. 3ஜியும் 2024-ல போயிடுச்சு. இப்ப 4ஜி, 5ஜி மட்டும்தான். பழைய முறையில, 4ஜி போன்ல கால் வந்தா போன் சத்தமில்லாம 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசும். இங்க இறங்கறதுக்கு எதுவும் இல்ல. கால் வரணும்னா 4ஜி மேலேயே பேசற வோல்ட்டி வேணும். அது உங்க போன்ல இருக்கணும், ரோமிங்ல வேலை செய்யணும், உங்க ஊர் கம்பெனிக்கும் இங்கத்து கம்பெனிக்கும் அதுக்கு ஒப்பந்தம் இருக்கணும். மூணுல ஒண்ணு இல்லேன்னாலும் திரையில சிக்னல் கோடு காட்டும், எஸ்எம்எஸ் கூட வரும், கால் மட்டும் வராது. ஊர்ல இருக்கறவங்களுக்குத் தொடர்பு எல்லைக்கு வெளியேன்னு சொல்லும்.

உங்க போன் ஒரு வருஷத்துப் போன், பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. அண்ணனோட 2016 போனைத்தான் நான் நம்பமாட்டேன். கஸ்டமர் கேர்ல "ரோமிங் இருக்கா"ன்னு கேக்காதீங்க, இருக்குன்னு சொல்லிடுவாங்க. "சிங்கப்பூர்ல வோல்ட்டி ரோமிங் இருக்கா"ன்னு கேளுங்க.

தில்லைநகர் செல்:

நான் திருச்சியில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். வெளிநாடு போகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். மேலே தம்பி சொன்னது அத்தனையும் சரி. கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே முடிக்க வேண்டியதை நான் சொல்கிறேன்.

ரோமிங்கை ஊரில் இருக்கும்போதே ஆன் செய்துவிடுங்கள், கம்பெனி ஆப்பிலேயே செய்யலாம். ரோமிங் பேக் போடும்போது டேட்டா கணக்கைப் பார்க்காதீர்கள், உள்வரும் காலுக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். உங்களுக்கு 100 நிமிடம் இருந்தால் தாராளம். பேக் தீர்ந்தபின் ஒரு நிமிடத்துக்கு என்ன கட்டணம் என்பதையும் அப்போதே படித்துக்கொள்ளுங்கள். வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு பிடிப்பதில்லை, ஓடிபி வந்துவிடும்.

அடுத்து ##002# அடித்துக் கால் பட்டனை அழுத்துங்கள். போட்டிருக்கும் கால் ஃபார்வர்டு (வரும் காலை வேறு நம்பருக்குத் திருப்பிவிடும் வசதி) எல்லாம் அழிந்துவிடும். நிறையப் பேருக்கு ஃபார்வர்டு இருப்பதே தெரியாது. அது இருந்தால், வெளிநாட்டில் நீங்கள் எடுக்காமல் விட்ட கால்கூட இந்தியாவுக்குத் திரும்பிப் போய், வந்ததற்கு ஒரு காசு, போனதற்கு ஒரு காசு என்று பில் ஏறும்.

போனில் சேமித்த நம்பர்கள் வெறும் 10 இலக்கமாக இருந்தால் அங்கிருந்து போகாது. முக்கியமான பத்துப் பதினைந்து பேரையாவது முன்னால் +91 சேர்த்துச் சேமியுங்கள். நம்ம ஊரிலும் அப்படியே வேலை செய்யும், பிறகு மாற்ற வேண்டியதில்லை.

ஊர் சிம்முக்கு டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்யுங்கள். "டேட்டா சிம் தானாக மாறட்டும்" என்ற ஒரு வசதி சில போன்களில் இருக்கும், அதையும் ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் லிஃப்டுக்குள் சிங்கப்பூர் சிம்முக்குச் சிக்னல் போன ஒரு நிமிடத்தில் போன் உங்கள் ஊர் சிம்மில் நெட் எடுக்கும். வாட்ஸ்அப் "நம்பர் மாறிவிட்டதா" என்று கேட்டால் இல்லை என்று விடுங்கள், பழைய நம்பரிலேயே ஓடும்.

விமானத்தில் ஃப்ளைட் மோடை மறக்காதீர்கள். சில விமானங்களுக்குள்ளேயே நெட்வொர்க் இருக்கிறது. போன் அதைப் பிடித்துக்கொண்டால் அந்தக் கட்டணம் உங்கள் பேக்கில் வராது.

மஞ்சள்குளம்:

இதை எல்லோரும் போனை வைத்தே யோசிக்கிறீர்கள். நான் அந்த அக்கா பக்கத்திலிருந்து சொல்கிறேன். என் மாமியார் மூன்று வருடம் படுக்கையில் இருந்தார், அதில் ஒருமுறை நான் மலேசியா போய்வந்தேன்.

விமானத்தில் இருக்கும் நாலரை மணி நேரம் நீங்கள் இருவருமே கிடைக்கமாட்டீர்கள். அந்த நேரத்துக்கு அவர் யாரைக் கூப்பிடுவார்? 2 உங்களுக்கு, 3 கணவருக்கு என்றால் இரண்டுமே ஒரே விமானத்தில்தான் பறக்கின்றன. 4-க்குப் பக்கத்து வீட்டையோ, கூப்பிட்டால் வரும் ஒரு நர்ஸையோ வையுங்கள். 108-ஐ எப்போது கூப்பிடலாம் என்று பயமில்லாமல் முடிவெடுக்க அவருக்கு அனுமதி கொடுங்கள். "எங்களைக் கேட்காமல் கூப்பிடலாம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் உங்களைப் பிடிக்கும்வரை காத்திருப்பார். என் வீட்டில் அப்படி ஒரு மணி நேரம் வீணானது.

அங்கே மணி இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். நம்ம ஊர் இரவு ஒன்பது அங்கே பதினொன்றரை. "தூங்கிக்கொண்டிருப்பீர்கள் என்று கூப்பிடவில்லை" என்று எனக்கு அப்போது சொன்னார்கள். எந்த நேரமானாலும் கூப்பிடச் சொல்லுங்கள். போனை சைலண்டில் வைத்தாலும் அவர் நம்பர் மட்டும் அடிக்கும்படி செய்துவிடுங்கள்.

பயணப்பை:

இசிம் பற்றி, அதாவது அட்டை செருகாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம் பற்றி, யாரும் சொல்லவில்லை. *#06# அடித்தால் வரும் பட்டியலில் இஐடி என்று ஒரு நீள எண் தெரிந்தால் உங்கள் போனில் இசிம் வசதி உண்டு. ஊரிலேயே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், கடையில் நிற்க வேண்டாம். ஆனால் பயணத்துக்கென்று விற்பவை பெரும்பாலும் நெட் மட்டும் தருபவை, சிங்கப்பூர் நம்பர் வராது. கல்யாண வீட்டில் உங்களை மண்டபத்துக்காரர், கார்காரர் எல்லாம் கூப்பிடுவார்கள் என்றால் சாதாரண டூரிஸ்ட் சிம்மே மேல்.

கூடவே ஒன்று: சிங்கப்பூருக்குள் நுழைவதற்கான வருகை அட்டையை (எஸ்ஜி அரைவல் கார்டு) இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

கொள்ளிடக்கரை:

போய்விட்டு வந்தாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுவது என் கடமை.

கஸ்டமர் கேரில் தம்பி சொன்ன கேள்வியையே கேட்டேன். முதலில் எடுத்தவருக்குப் புரியவில்லை, இரண்டாவது நாள் பேசியவர் என் போன் மாடலைக் கேட்டு, வரும் என்றார். கணவர் போனைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். சாங்கியில் இறங்கியதும் பெட்டி வருவதற்குள் சோதித்துவிட்டோம். ஊருக்குப் பேசி அந்த அக்காவை 2-ஐ அழுத்தச் சொன்னேன், என் போன் அடித்தது. 3-ஐ அழுத்தச் சொன்னேன், கணவர் போன் மௌனம். நாலு கோடு சிக்னல், வங்கி எஸ்எம்எஸ்கூட வந்திருந்தது. உட்லண்ட்ஸ்வாசி சொன்னது அப்படியே. அங்கேயே நின்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசி, அக்காவின் போனில் 3-ஐ அவர் நம்பருக்கு மாற்றச் சொன்னேன்.

ஒன்பது நாளில் அக்கா நான்கு முறை கூப்பிட்டார். மூன்று சாதாரண விஷயம். நான்காவது கல்யாணத்தன்று, அங்கே காலை 6.10, புடவை கட்டிக்கொண்டிருந்தேன். ஊரில் 3.40. அப்பாவுக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்து வயிறு உப்பிவிட்டது, வலியில் கத்துகிறார். என்னிடம் பேசுவதற்கு முன்பே அக்கா 3-ஐ அழுத்தியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெண் நர்ஸை அழைக்கப் போயிருந்தார். நான் போனை அப்பா காதில் வைக்கச் சொல்லி நர்ஸ் வரும்வரை பேசிக்கொண்டே இருந்தேன், 26 நிமிடம். ஐந்து மணிக்குள் குழாய் மாற்றியாகிவிட்டது. முகூர்த்தத்துக்கு நான் கோவிலில் இருந்தேன்.

பேக்கில் 100 நிமிடத்தில் 43 செலவானது. ஓடிபி ஆறு, ஆறும் வந்தன. ஊர் சிம்மில் பேக்குக்கு மேல் ஒரு ரூபாய் போகவில்லை. டூரிஸ்ட் சிம்மில் வாங்கிய டேட்டாவில் செலவு கால்வாசியைக்கூடத் தொடவில்லை.

கணவர் போனை மாற்றப் போகிறோம். அக்காவின் போனில் 3 இனிமேலும் பக்கத்து வீட்டுக்கே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.