அவசரமாக வாங்கிய கவச வண்டிக்கு உதிரிப்பாகம் எங்கிருந்து வரும்?

நிலாவெளியான்: திருகோணமலை வீதிகளில் பவள் கவச வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2007இல் அமெரிக்கா ஈராக்குக்கு எம்ராப் என்ற கண்ணிவெடி தாங்கும் கவச வண்டிகளை அள்ளி அனுப்பியதே, அவற்றை எப்படிப் பராமரித்தார்கள்?

உப்புவெளி கராஜ்: கஷ்டப்பட்டுத்தான் தம்பி. அவசரத்தில் கூகர், மாக்ஸ்புரோ, கேமன், ஆர்ஜி-33 என்று பல கம்பனிகளிடம் ஒரே நேரத்தில் வாங்கினார்கள், ஒன்றின் சாமான் மற்றதற்குப் பொருந்தாது. என் கராஜில் டாட்டா, லேலண்ட், இசுசு மூன்றுக்கும் தனித்தனிப் பெட்டியில் ஃபில்டர் அடுக்கியே எனக்கு மூச்சு முட்டுகிறது, இதைப் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு நினைத்துப் பார். வண்டி முதலில் போனது, பயிற்சி பெற்ற மெக்கானிக் பின்னால்தான். அதனால் கம்பனி ஆட்களையே களத்தில் வைத்துத் திருத்தினார்கள்.

கொட்டியாரன்: கொண்டுபோன செலவையும் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பலவற்றை சி-17 விமானத்தில் ஏற்றினார்கள். கப்பல் மலிவு, ஆனால் வாரக்கணக்காகும். அப்புறம் ஆப்கான் மலைப்பாதைக்கு அந்தப் பாரம் சரிவரவில்லை என்று 2009இல் ஓஷ்கோஷ் கம்பனியின் எம்-ஏடிவி என்ற பாரம் குறைந்த வண்டி வந்தது. திரும்பவும் புதுச் சாமான் பட்டியல்!

நிலாவெளியான்: அப்போ பவள்?

உப்புவெளி கராஜ்: தென்னாபிரிக்காக்காரன் அதை பென்ஸ் யுனிமொக் லொறியின் அடிச்சட்டத்தில் கட்டினான். தெரிந்த லொறி, தெரிந்த சாமான். கெட்டிக்காரன்.