மழை இரவில் சாலைக் கோடுகள் ஏன் மறைகின்றன? கண்ணாடியும் பார்வையும் குறித்து ஒரு கேள்வி

கேள்வி: பாலிக் புலாவ் வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் பினாங்குத் தீவின் மேற்குப் பகுதியில், பாலிக் புலாவில் வசிக்கிறேன். வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் வேலை முடிந்து, பாயா தெருபோங் பக்கமிருந்து துன் சார்டன் மலைச்சாலை வழியாக வீடு திரும்புகிறேன். மழையில்லாத இரவுகளில் மகிழுந்தின் முன்விளக்கு வெளிச்சத்தில் தாரின் நிறமும் நடுக்கோடும் ஓரக்கோடும் வளைவு வரைக்கும் தெளிவாகத் தெரிகின்றன. மழை பெய்து ஓய்ந்த பிறகோ, அதே விளக்கு, அதே சாலை, வானத்தில் ஒரு துளி கூட இல்லை. ஆனாலும் விளக்கே எரியவில்லையோ என்று ஐயுறும் அளவுக்குச் சாலை கறுத்துவிடுகிறது. கோடுகள் காணாமல் போகின்றன. எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் மட்டும் சாலையிலிருந்தும் எழும்பிக் கண்ணைக் கூசச் செய்கிறது. விளக்கைச் சோதிக்கக் கொடுத்தேன். அதில் குறை ஏதும் இல்லை என்றார்கள்.

இதே வாரத்தில், ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகன் வேறொரு கேள்வி கேட்டான். "பொருள்மேல் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணுக்கு வருவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று ஆசிரியர் சொன்னார். வெள்ளைச் சுவரும் ஒளியைத் திருப்புகிறது, கண்ணாடியும் திருப்புகிறது. அப்படியானால் சுவரில் ஏன் என் முகம் தெரியவில்லை?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இவ்விரண்டுக்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக மனத்தில் படுகிறது. அறிந்தவர்கள் விளக்கினால் மகனுக்கும் படித்துக் காட்டுவேன்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், பட்டர்வொர்த்

வணக்கம் சகோதரி. தங்களுக்குப் பட்டது சரியே. இரண்டும் ஒரே கேள்விதான்; மகன் கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டால் மலைச்சாலைக்கும் விடை கிடைத்துவிடும்.

நம் மொழியில் "பார்வையை வீசினான்", "கண்ணை ஓட்டினாள்" என்கிறோம். கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொட்டு வருவதுபோல் இருக்கின்றன இச்சொற்கள். பண்டைய கிரேக்க அறிஞர்கள் சிலர் உண்மையிலேயே அப்படித்தான் எண்ணினார்கள். பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதே பார்வை என்று சோதனைகளோடு நிறுவினார். அவர் கூறியவற்றுள் நமக்கு இங்கே வேண்டியது ஒன்று: ஒளி பட்ட பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளுக்கும் ஒளி புறப்படுகிறது. அறையின் எந்த மூலையில் நின்றாலும் ஒரே சுவர் நம் எல்லாருக்கும் தெரிவது இதனால்தான்.

சுவரின் சுண்ணத்தைக் கண்ணுக்கு மிக அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருக்கும். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் 4 பங்கிலிருந்து 7 பங்கு வரை. அந்த அளவோடு ஒப்பிட்டால் மழமழப்பான சுவர் கூட மலைத்தொடர் போன்றதுதான். ஒவ்வொரு சரிவும் தன்மேல் பட்ட கதிரை ஒவ்வொரு பக்கம் திருப்பிவிடுவதோடு, சுண்ணத் துகள்களுக்குள் புகுந்து பலமுறை மோதி வெளிவரும் ஒளியும் எந்தத் திசையிலிருந்து வந்தோம் என்பதை இழந்துவிடுகிறது. தங்கள் மகனின் மூக்கிலிருந்து போன ஒளியும் காதிலிருந்து போன ஒளியும் அங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ஒளி திரும்பத்தான் செய்கிறது. அது எங்கிருந்து வந்தது என்ற செய்தி திரும்புவதில்லை.

கண்ணாடியின் மேற்பரப்போ அலைநீளத்தைவிடச் சிறிய பிசிறுகளையே கொண்டது. எந்தக் கோணத்தில் கதிர் விழுந்ததோ அதே கோணத்தில் மறுபக்கம் திரும்புகிறது. மூக்கிலிருந்து வந்தவையும் காதிலிருந்து வந்தவையும் தத்தம் ஒழுங்கைவிட்டு விலகாமலேயே திரும்புவதால், கண் அவற்றைப் பின்தொடர்ந்து கண்ணாடிக்குப் பின்னால் ஒரு முகம் இருப்பதாகக் காண்கிறது. தூய்மையான நல்ல கண்ணாடி தன்னைக் காட்டிக்கொள்வதே இல்லை. நாம் பார்ப்பது அதில் தெரியும் பிற பொருள்களையே. கண்ணாடி இருக்கிறது என்பதை அதன் சட்டமும் அதன்மேல் படிந்த தூசியும் சொன்னால்தான் உண்டு.

இப்போது மலைச்சாலைக்கு வருவோம். காய்ந்த தார்ச்சாலை சொரசொரப்பானது. முன்விளக்கின் ஒளியை அது எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. அதில் ஒரு சிறு பங்கு தங்களிடமே திரும்பி வருகிறது. அந்தப் பங்கினால்தான் சாலை தெரிகிறது. மழை பெய்ததும் தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பி, மேலே ஒரு மெல்லிய படலத்தை விரிக்கிறது. சாலை கண்ணாடியாகிவிடுகிறது. கண்ணாடி தன்னைக் காட்டாது என்றோம் அல்லவா? சாலையும் காட்டுவதில்லை.

கோணத்தையும் கவனிக்க வேண்டும். தண்ணீரின்மேல் ஒளி நேர்செங்குத்தாக விழுந்தால் 2 விழுக்காடுதான் திரும்பும்; எஞ்சியது உள்ளே போய்விடும். ஆனால் மகிழுந்தின் விளக்கு தரையிலிருந்து ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால், 30 மீட்டர் தொலைவில் அதன் ஒளி தரையோடு ஒரு பாகையைச் சற்றே மிஞ்சிய கோணத்தில், உரசியபடி விழுகிறது. சலனமற்ற நீர்ப்பரப்பாக இருந்தால் அந்தக் கோணத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் முன்னோக்கியே துள்ளிப் போய்விடும். தங்கள் விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணுக்குப் போகிறது. அவர் விளக்கின் ஒளி தங்கள் கண்ணுக்கு வருகிறது. கூச்சமும் இருளும் ஒருசேர வருவதற்கு இதுவே காரணம்.

ஒரு சிறு சோதனை சொல்கிறேன். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, மேசைமேல் வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து, அதன் நடுவே சிறிய முகக்கண்ணாடியை வையுங்கள். கைவிளக்கைக் கண்ணுக்கு அருகில் பிடித்து, சாய்வாக ஒளி பாய்ச்சுங்கள். எது வெளிச்சமாகத் தெரிகிறது, எது இருட்டாகத் தெரிகிறது என்பதை மகனே சொல்லட்டும்.

மறுமொழி 2: கண்ணாடிக் கடைக்காரன், பிறை

இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் தொழிலில் இருக்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்னதோடு, என் கையில் தினமும் புழங்கும் பொருளைப் பற்றியும் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒளியைத் திருப்புவது கண்ணாடிச் சில்லு அன்று. அதன் முதுகில் இருக்கும் வெள்ளிப் பூச்சு. 1835ஆம் ஆண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டஸ் ஃபான் லீபிக் கண்டறிந்த முறையை ஒட்டியே, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலிலிருந்து வெள்ளியைக் கண்ணாடியின்மேல் படியவைக்கிறார்கள். அதற்கு முன்பு தகரத்தையும் பாதரசத்தையும் சேர்த்துப் பூசினார்கள். அந்த ஆவி தொழிலாளிகளின் உடலைக் கெடுத்தது. பூச்சின் மேல் சாயம் அடித்து மூடினாலும், கடற்காற்றும் ஈரமும் ஓரத்தின் வழியாக உள்ளே புகுந்து வெள்ளியை அரித்துவிடுகின்றன. குளியலறைக் கண்ணாடியின் கீழ்விளிம்பில் கறுப்புக் கறுப்பாகப் பரவுவது அதுதான். துடைத்தால் போகாது, அந்த இடத்தில் வெள்ளியே இல்லை.

விரல் நகத்தைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள். நகத்துக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். ஒளி சில்லின் தடிப்பைக் கடந்து வெள்ளியைத் தொட்டுத் திரும்புவதால் வருவது அது. கேரளத்தின் ஆறன்முளாக் கண்ணாடியில் இந்த இடைவெளி இராது; அது செம்பும் தகரமும் கலந்து வார்த்து மெருகேற்றிய உலோகம், ஒளி அதன் முகப்பிலேயே திரும்பிவிடும்.

வெறுங்கண்ணாடியும் கொஞ்சம் ஒளியைத் திருப்பும். ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 4 விழுக்காடு. பகலில் வெளியேயிருந்து வரும் வெளிச்சத்தில் அது அமுங்கிப்போகும். இரவில் வெளியே இருட்டாக இருப்பதால், அடுக்குமாடி வீட்டுச் சன்னலில் வரவேற்பறை அப்படியே தெரியும்.

அந்த 4 விழுக்காடு தங்களுக்கு இரவுப் பயணத்தில் உதவும், சகோதரி. மகிழுந்தின் உள்ளே இருக்கும் பின்னோக்குக் கண்ணாடிக்கு அடியில் ஒரு சிறு நெம்புகோல் இருந்தால், அதைத் தட்டிவிடுங்கள். அந்தக் கண்ணாடிச் சில்லு மேலே ஒரு தடிப்பும் கீழே ஒரு தடிப்புமாக, ஆப்பு வடிவில் தேய்க்கப்பட்டது. நெம்புகோலைத் தட்டினால் வெள்ளிப் பூச்சு வண்டியின் இருண்ட கூரையைக் காட்டப் போய்விடும். முகப்பு மட்டும் பின்னால் வரும் வண்டியை அந்த 4 விழுக்காட்டு ஒளியில் காட்டும். பின்னால் லாரி விளக்கைத் தூக்கிப் போட்டாலும் கண் கூசாது.

மறுமொழி 3: சாலைக்கோடு போடுபவன், கெடா

சகோதரியின் கேள்வியில் கோடுகளைப் பற்றிய பகுதி என் வேலை சார்ந்தது. சாலையில் வெறும் சாயம் மட்டும் இருந்தால், காய்ந்த இரவிலும் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. உருக்கிய பூச்சு ஏறக்குறைய 200 பாகைச் சூட்டில் இறங்கும்போதே, சர்க்கரைப் பரல் போன்ற கண்ணாடி மணிகளை அதன்மேல் தூவுகிறோம். மணி பாதி புதைந்து, பாதி வெளியே தலைகாட்டி நிற்க வேண்டும். முன்விளக்கின் ஒளி மணிக்குள் வளைந்து நுழைந்து, அடியில் உள்ள வெள்ளைப் பூச்சில் குவிந்து, வந்த வழியே திரும்பி ஓட்டுநரிடம் போகிறது. கையில் கொஞ்சம் மணிகளை வைத்துக் கைவிளக்கை அடித்தால், விளக்குப் பிடித்தவருக்கு மட்டும் உள்ளங்கை மினுங்கும். பக்கத்தில் நிற்பவருக்கு மினுங்காது.

மழைத்தண்ணீர் மணியை மூடிவிட்டால், ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் போவதற்குப் பதில் தண்ணீரிலிருந்து போகிறது. அப்போது வளைவு குறைந்து, கதிர் பூச்சில் குவியாமல் பரவிவிடுகிறது. தங்கள் கண்ணிலிருந்து கோடு மறைவது அந்த நேரத்தில்தான். தண்ணீர் வடிந்ததும் மறுபடி தெரியும். அதனால்தான் சில சாலைகளில் கோட்டை மேடுமேடாகப் போடுகிறோம்; மேட்டின் தலை தண்ணீருக்கு மேலே நிற்கும்.

நாம் மாத்தா கூச்சிங் என்று சொல்லும், விளக்கு பட்டால் மின்னும்படி சாலையில் பதிக்கும் பூனைக்கண் கட்டைகளும் அதற்காகத்தான். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரைச் சேர்ந்த பெர்சி ஷா 1934இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இப்போது பல கட்டைகளில், அறையின் மூலையில் இரண்டு சுவரும் தரையும் சந்திப்பதுபோல், ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் வரிசையாக இருக்கும். அப்படிப்பட்ட மூலைக்குள் எந்தப் பக்கமிருந்து கதிர் நுழைந்தாலும் வந்த திசைக்கே திரும்பும். 1969இல் அப்பொல்லோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்துவந்த தட்டிலும் இத்தகைய 100 மூலைகள் உண்டு. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் கதிர் ஏறக்குறைய இரண்டரை விநாடியில் போய்த் திரும்புகிறது.

மழை ஓய்ந்த இரவில் மலைச்சாலை இறங்கும்போது கோட்டைத் தேடாதீர்கள், சகோதரி. கட்டைகளையும் வளைவுப் பலகைகளையும் பார்த்து ஓட்டுங்கள். வேகத்தை நன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வியாளர்: பாலிக் புலாவ் வாசகி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு ஐயா சொன்ன சோதனையைச் செய்தோம். தாள் பளிச்சென்று ஒளிர்ந்தது. நடுவில் இருந்த கண்ணாடி, தாளில் வெட்டிய கறுப்புச் சதுரம் போலத் தெரிந்தது. "கண்ணாடிதானே அதிகம் பளபளக்கும்!" என்று மகன் திகைத்தான். பிறகு எதிர்ச்சுவரில் உயரே ஒரு வெளிச்சச் சதுரம் விழுந்திருந்ததை அவனே கண்டுபிடித்து, "ஒளி அங்கே ஓடிவிட்டது அம்மா" என்றான். அதன்பின் வீட்டு முன்புறச் சிமெண்டுத் தரையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, கைத்தொலைபேசி விளக்கைத் தாழ்வாகப் பிடித்துப் பார்த்தோம். ஈரத்தரை கறுத்து, காய்ந்த தரை வெளுத்து, நடுவில் எல்லைக் கோடு போலத் தெரிந்தது. மலைச்சாலையில் நான் காண்பது அதேதான்.

அவனுக்கு ஒரு துணைக்கேள்வி எழுந்துவிட்டது. தெருவிளக்கு உருண்டையாக இருக்க, ஈரத்தரையில் அது ஏன் நீண்ட கோடாகத் தெரிகிறது? அவன் இடப்பக்கம் ஓடினாலும் வலப்பக்கம் ஓடினாலும் அந்தக் கோடு அவனை நோக்கியே திரும்புகிறதாம்.

மறுமொழி 4: ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், பட்டர்வொர்த்

மிக நுட்பமாகக் கவனித்திருக்கிறான். நீர்ப்படலம் முற்றிலும் தட்டையாக இருந்தால் விளக்கு ஒரே ஒரு புள்ளியில், தலைகீழாகத் தெரிந்திருக்கும். சிமெண்டின் மேடுகள் படலத்தை அங்கங்கே சிறிது தூக்கிவிடுவதால், ஆயிரக்கணக்கான சிறு கண்ணாடிகள் சற்றே வெவ்வேறு சாய்வில் கிடப்பது போல ஆகிறது. அவற்றுள் எவை விளக்கின் ஒளியைத் தங்கள் மகனின் கண்ணுக்கு அனுப்பும் சாய்வில் இருக்கின்றனவோ அவை மட்டும் அவனுக்கு மின்னுகின்றன. முன்னும் பின்னுமாகப் பார்த்தால், சிறிதளவு சாய்வு கூட ஒளியை வெகுதூரத்திலிருந்து அவனிடம் கொண்டுவந்துவிடும்; பக்கவாட்டில் அப்படிக் கொண்டுவர மிகப் பெரிய சாய்வு வேண்டும். ஆகவே மின்னும் இடங்கள் விளக்குக்கும் அவனுக்கும் நடுவே ஒடுங்கிய பட்டையாகச் சேர்கின்றன. அவன் நகர்ந்தால் வேறு மேடுகளுக்கு முறை வருகிறது. அடுத்த முறை தாங்களும் அவனும் நாலடி தள்ளி நின்று, கோடு தரையில் எந்த இடத்தைக் கடக்கிறது என்று ஒருவருக்கொருவர் விரலால் சுட்டிக்காட்டிப் பாருங்கள். இருவரும் வெவ்வேறு இடத்தைக் காட்டுவீர்கள்.