மாடித்தோட்டச் சேனல்: சப்ஸ்கிரைபர் 2,300 பேர், பார்ப்பது 100 பேர். என்ன செய்யலாம்?

மொட்டைமாடி கேட்டது:

யூடியூபில் மாடித்தோட்டச் சேனல், ஒன்றரை வருடம் ஆகிறது. 2,300 சப்ஸ்கிரைபர். அதில் ஏறத்தாழ 400 பேர் ஆரம்பத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் "நீங்க எனக்குப் பண்ணுங்க, நான் உங்களுக்குப் பண்றேன்" என்று வந்தவர்கள். வாரம் 2 வீடியோ, 4 ஷார்ட்ஸ். பத்து நிமிட வீடியோ 100 வியூவைத் தாண்டுவதில்லை. ஷார்ட்ஸ் மட்டும் 5,000, 8,000 என்று ஓடுகிறது. கமென்ட் என்றால் "சூப்பர்", "அருமை", அவ்வளவுதான். காசு கட்டி புரமோட் செய்யலாமா? இல்லை, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதுச் சேனல் தொடங்கலாமா?

விதைநெல்:

அழிக்க வேண்டாம். முழு வீடியோ வழியாக விளம்பர வருமானம் பெற 1,000 சப்ஸ்கிரைபரோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை வேண்டும். வீடியோவை நீக்கினாலோ பிரைவேட்டில் போட்டாலோ அதற்குரிய நேரம் கணக்கிலிருந்து போய்விடும். விளம்பரம் கொடுத்து வரும் பார்வை நேரமும் அதில் சேராது. அதனால் புரமோஷன் காசை இப்போதைக்கு நல்ல மைக்கில் போடுங்கள்.

அந்த 400 பேரை மறந்துவிடுங்கள், ஆனால் அந்த வேலையை இனி செய்யாதீர்கள். அது யூடியூப் விதிக்கே எதிரானது. செடியில் அக்கறை இல்லாதவர் எண்ணிக்கையில் இருந்து என்ன பயன்?

ஷார்ட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஷார்ட்ஸ் ஃபீடில் ஓடும் நேரம் 4,000 மணியில் சேராது. ஷார்ட்ஸ் கமென்டிலோ விளக்கத்திலோ லிங்க் போட்டாலும் அழுத்த முடியாது. ஷார்ட்ஸைத் திருத்தும் பக்கத்தில் "தொடர்புடைய வீடியோ" என்ற இடத்தில்தான் முழு வீடியோவை இணைக்க வேண்டும். இணைத்தால் மட்டும் போதாது, ஷார்ட்ஸ் பாதிக் கேள்வியை மீதம் வைக்க வேண்டும். உதாரணம் மாவுப்பூச்சி. ஷார்ட்ஸில் இலையின் அடிப்புறம், 1 லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது தண்ணீரோடு கலக்கச் சில சொட்டு சோப்புக் கரைசல், மாலையில் தெளிப்பு. இது முழுப் பயன், ஏமாற்று இல்லை. "தெளித்தும் பத்து நாளில் திரும்ப வருதே, ஏன்?" என்பதற்குப் பதில் முழு வீடியோவில்: பூச்சி சுரக்கும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, எறும்பை நிறுத்தாமல் பூச்சி போகாது.

அடுத்தது முதல் 30 விநாடி. யூடியூப் ஸ்டுடியோவில் (சேனலை நிர்வகிக்கும் பக்கம்) ஒவ்வொரு வீடியோவுக்கும் பார்வையாளர் எங்கே விலகினார் என்ற கோடு இருக்கும், திறந்து பாருங்கள். லோகோ, இசை, "வணக்கம் நண்பர்களே, பெல் பட்டனை அழுத்துங்க" என்று போகும் இடத்திலேயே கோடு சரிந்திருக்கும். முதல் காட்சியே கெட்டுப்போன இலையாக இருக்கட்டும். கோடு நடுவில் எங்காவது மேலே எழும்பினால் அங்கே மக்கள் திருப்பிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் கலவை அளவு சொல்லும் இடம் அது. அந்த அளவைத் திரையில் பெரிதாக எழுதுங்கள்.

ஆடிப்பட்டம்:

மேலே சொன்னது சரி. ஆனால் அதற்கும் முன்னால் தலைப்பும் காலமும் இருக்கின்றன. "எங்க தோட்டம் அப்டேட் 47" என்று யாரும் தேடமாட்டார்கள். "தக்காளிப் பூ உதிருதா?" என்று தொடங்குங்கள். செடியின் பெயரும் குறையும் முதலில் வரவேண்டும். தலைப்புக்கு 100 எழுத்து இடம் இருந்தாலும் போனில் பின்பாதி தெரியாது. ஸ்டுடியோவின் அனலிட்டிக்ஸ் (புள்ளிவிவர) பகுதியில் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவார்கள், அந்த எழுத்துக்கூட்டலை விளக்கத்தின் முதல் வரியில் சேருங்கள்.

அடுத்து காலம். விதைப்புக்குரிய ஆடி பிறப்பது ஜூலை நடுவில். பை, தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் எல்லாம் அதற்கு முன்பே வாங்க வேண்டும். ஆகவே மண்கலவை வீடியோ ஜூன் நடுவில், விதைப்பு ஜூலை முதல் வாரம். பார்ப்பவர் விதைக்கும் வாரத்தில் நீங்கள் அறுவடையைக் காட்டினால் "சூப்பர்" என்பதைத் தவிர அவர் என்ன எழுதுவார்?

தம்ப்நெயில் (வீடியோவின் முகப்புப் படம்) 1280×720 அளவு, நான்கு சொல்லுக்கு மேல் வேண்டாம். மூன்று படம் வரை ஒப்பிட்டுச் சோதிக்கும் வசதி ஸ்டுடியோவிலேயே இருக்கிறது. 100 வியூ வரும் வீடியோவில் அது முடிவு சொல்லாது. தேடலில் இன்னும் ஆள் வரும் பழைய வீடியோவில் செய்யுங்கள்.

இலைநரம்பு:

கமென்ட் பற்றி மட்டும். "எப்படி இருக்கு, சொல்லுங்க" என்று முடித்தால் "அருமை" என்றுதான் வரும். ஒரே சொல்லில் பதில் வரும் கேள்வி கேட்டு அதையே கமென்டில் முதலில் தெரியும்படி பின் (pin) செய்யுங்கள்: "உங்க கத்தரியில எறும்பு ஏறுதா? எந்த ஊர்?" வரும் பதிலுக்கு நன்றி சொல்லி நிறுத்தாமல், எத்தனை அங்குலப் பை, எத்தனை மணி வெயில் என்று திரும்பக் கேளுங்கள். பேச்சு அங்கேதான் தொடங்கும். நல்ல கேள்விக்கு ஷார்ட்ஸாகவே பதில் போடலாம். கேட்டவரின் கமென்ட் திரையில் தெரியும்.

வாரம் ஒரு முறை போஸ்ட் பகுதியில் மஞ்சளான இலைப் படத்தோடு வாக்கெடுப்பு வையுங்கள்: மெக்னீசியக் குறையா, இரும்புச் சத்துக் குறையா? மறுநாள் விடை: நரம்பு பச்சையாக, இடைப்பகுதி மஞ்சளாக இருந்து, அது அடி இலையில் தொடங்கினால் மெக்னீசியம், கொழுந்தில் தொடங்கினால் இரும்பு. தவறாக வாக்களித்தவர்தான் விடையைப் பார்க்கத் திரும்பி வருவார்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும். வாரம் 1 வீடியோ, 2 ஷார்ட்ஸ் போதும்.

மொட்டைமாடி:

மிக்க நன்றி. பழைய வீடியோ 130 இருக்கிறது. எதிலிருந்து தொடங்க?

ஆடிப்பட்டம்:

கடைசி 90 நாளில் தேடல் வழியாக அதிகம் பேர் வந்த ஐந்தை எடுங்கள். தலைப்பு, தம்ப்நெயில் மாற்றுங்கள். தொடக்கத்தில் இருக்கும் லோகோவை ஸ்டுடியோ எடிட்டரிலேயே வெட்டலாம், திரும்ப ஏற்ற வேண்டியதில்லை. மற்ற 125-ஐ இப்போது தொடாதீர்கள்.