அப்பாயி 'தகவலாளி 14' ஆகிவிட்டார். மறுபடியும் ஓர் ஆய்வுக் குழு வருகிறது, என்ன கேட்கலாம்?

மலைமகள்:
வணக்கம். ஏற்காடு ஒன்றியத்தில் ஒரு மலையாளி பழங்குடிக் கிராமம் எங்களுடையது. நான் சேலத்தில் தங்கி பி.எஸ்சி. படிக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன், காபிப் பழம் பறிக்கும் காலத்தில், ஓர் ஆய்வுக் குழு வந்தது. அப்பாயி நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு அவர்களைக் காட்டுக்குள் அழைத்துப் போனார். மாட்டுக்கு வயிறு உப்பினால் எது, பிள்ளை பெற்றவளுக்கு எது என்று ஒவ்வொரு பச்சிலையாகக் கிள்ளி முகரக் கொடுத்தார். செடிகளைச் செய்தித்தாளில் மடித்து வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத் தாள் ஒன்றில் கைநாட்டு வாங்கினார்கள். அப்பாயி கேட்டது, எடுத்த படங்களில் ஒன்று மட்டும். அது வரவே இல்லை.

போன மாதம் அந்த ஆய்வேடு இணையத்தில் கிடைத்தது. அப்பாயியின் பெயர் அதில் இல்லை. 'தகவலாளி 14, பெண், வயது 70' என்று இருக்கிறது. அதைவிட என்னை உலுக்கியது வேறு. மேலே பூச மட்டும் என்று அவர் சொன்ன வேரை, அரைத்துக் குடிக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். செடியின் பெயரை வேண்டுமென்றேதான் இங்கே சொல்லவில்லை. யாராவது நம்பிக் குடித்துவிட்டால்? அப்பாயியிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "அந்தப் பிள்ளைகள் பாஸ் செய்துவிட்டார்களா?" என்றுதான் அவர் இன்னமும் கேட்கிறார்.

இப்போது தை மாதம் வேறொரு பல்கலைக்கழகக் குழு வருகிறது. ஊருடன் சேர்ந்து ஆய்வு செய்யப்போவதாகச் சொல்கிறார்கள். வர வேண்டாம் என்று சொல்ல விருப்பமில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே பாதிச் செடிகளின் பெயர் தெரியாது. எதற்கெல்லாம் உறுதி வாங்கிக்கொண்டு சம்மதிக்கலாம்?

முன்னாள் வார்டு உறுப்பினர்:
தங்கையே, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். செடிகளையும் அவற்றின் பயனையும் ஊர் மக்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதுவது அதன் வேலை. அந்தப் பதிவேட்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அகத்தியமலை அடிவாரம்:
எங்கள் பக்கத்துக் காணிக்காரர் என்னும் பழங்குடியினரின் அனுபவம் உங்களுக்கு உதவும். 1987இல் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டிய காணி இளைஞர்கள் ஏதோ ஒரு பழத்தை மென்றுகொண்டு களைப்பில்லாமல் மலையேறினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதைக் கொண்டு திருவனந்தபுரம் தாவரவியல் பூங்கா உருவாக்கிய 'ஜீவனி' மருந்தின் உரிமம் 1995இல் 10 லட்சம் ரூபாய்க்கும் 2 விழுக்காடு உரிமத்தொகைக்கும் கைமாறியது. அந்தத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கான அறக்கட்டளையும் பதிவானது. ஆனாலும் மற்ற ஊராட்சிகளில் இருந்த காணிகள், தங்களை யாரும் கேட்கவில்லை என்று மனம் வருந்தினார்கள். அப்பாயி ஒருவர் சம்மதித்தால் போதாது. பக்கத்து ஊர்களையும் கூப்பிட்டுப் பேசுங்கள்.

ஆய்வு மாணவன், சேலம்:
படிக்கவே வேதனையாக இருக்கிறது, அக்கா. ஒப்புதல் தாள் தமிழில் இருக்க வேண்டும், அதை வாசித்துக் காட்ட வேண்டும். பெயரை மறைப்பது பொதுவாகப் பாதுகாப்புக்காகத்தான். ஆனால் பெயர் வர வேண்டும் என்று அப்பாயி விரும்பினால் எழுத்தில் கேளுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஊரில் உரக்கப் படித்துக் காட்டவும் சொல்லுங்கள். அந்த வேர்ப் பிழையை நெறியாளருக்கு இன்றே எழுதுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மலைமகள்:
எழுதிவிட்டேன். அப்பாயியிடமும் சொல்லிவிட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இந்த முறை அவர்கள் எழுதியதை நீ எனக்குப் படித்துக் காட்டு, அப்புறம் கைநாட்டு வைக்கிறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் வீட்டு வாசலில் கூடிப் பேசுகிறோம். பக்கத்து மூன்று ஊர்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறோம். நாள்கூலியும் தமிழ்த் தாளும் வேண்டும் என்று குழுவினருக்கு எழுதியிருக்கிறேன். கூட்டத்துக்கு வருவதாகப் பதில் வந்திருக்கிறது.