உதவி: இலவசமாக வெளியிடப் போகும் ஆர்பிஜி விதிநூலில் இரண்டு உரிமங்கள் முட்டிக்கொள்கின்றன

புதுப்பகடை:
வணக்கம். ஒன்றரை வருடமாக ஒரு சின்ன டேபிள்டாப் ஆர்பிஜி (மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி விளையாடும் கதை விளையாட்டு) எழுதி வருகிறேன். முழுக்கத் தமிழில், 42 பக்கம். யார் வேண்டுமானாலும் எடுத்து விளையாடலாம், மாற்றலாம், இதை வைத்து சாகசங்கள் எழுதி விற்கவும் செய்யலாம் என்று விட்டுவிட ஆசை. கடைசிப் பக்கத்தில் உரிமம் எழுத உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன்.

காயம், ஓய்வு பற்றிய அத்தியாயம் ஓர் ஆங்கில விதிநூலிலிருந்து மொழிபெயர்த்தது. அதன் உரிமம் சிசி பை-எஸ்ஏ 4.0 (சிசி என்றால் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம்; இந்த வகையில் மூலத்தின் பெயரைச் சொல்லிவிட்டு மாற்றலாம், விற்கலாம்). பயணம் பற்றிய அத்தியாயம் வேறொரு நூலிலிருந்து வந்தது. அது சிசி பை-என்சி-எஸ்ஏ 4.0. இதில் 'என்சி' என்றால் வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. இரண்டுமே "இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்" என்கின்றன. எதைப் போட்டாலும் மற்றதை மீறுகிறேன். நான் காசு வாங்கப் போவதில்லை. மொழிபெயர்ப்பில் ஒவ்வொரு சொல்லும் என்னுடையது. அப்படியும் சிக்கலா?

வரைபடப்பித்து:
சிக்கல்தான். மொழிபெயர்ப்பும் தழுவல்தான். தமிழ் வாக்கியம் உங்களுடையது என்றாலும் அடியில் இருக்கும் படைப்பு மூல ஆசிரியருடையது, அவர் வைத்த நிபந்தனை கூடவே வரும்.

நீங்கள் காசு வாங்காதது இங்கே உதவாது. உங்கள் நூலை எடுப்பவருக்கு நீங்கள் என்ன அனுமதி தருகிறீர்கள் என்பதுதான் கேள்வி. பை-எஸ்ஏ போட்டால் அவர் அதை விற்கலாம். என்சி அத்தியாயத்தின் ஆசிரியர் அதைத்தான் வேண்டாம் என்கிறார். என்சி போட்டால், காயம் அத்தியாயத்தின் ஆசிரியர் எல்லோருக்கும் திறந்துவிட்டதை நீங்கள் பாதி மூடுகிறீர்கள்.

வழி இரண்டு. என்சி நூலின் ஆசிரியருக்கு எழுதி, இந்த அத்தியாயத்துக்கு மட்டும் தனி அனுமதி கேளுங்கள். உரிமை அவர் கையில் இருந்தால் தரலாம், பலர் தருவார்கள். இல்லையென்றால் பயண அத்தியாயத்தைப் புதிதாக எழுதுங்கள். விளையாடும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை விளக்கும் எழுத்துக்குத்தான் உண்டு. "இரண்டு பகடை உருட்டி, திறமையைக் கூட்டு, 7 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி" என்பதை யாரும் பூட்ட முடியாது. ஆனால் அவர் எழுதிய விளக்கம், எடுத்துக்காட்டு, இடப்பெயர், நிகழ்வு அட்டவணையின் வரிகள் எல்லாம் அவருடையவை.

புதுப்பகடை:
புரிந்தது, நன்றி. புதிதாகவே எழுதுகிறேன். இன்னொரு கேள்வி. சிலர் ஓஜிஎல் (ஓப்பன் கேம் லைசென்ஸ்) போடச் சொல்கிறார்கள். அது ஆர்பிஜிக்கென்றே எழுதிய உரிமம்தானே?

நள்ளிரவு_ஜிஎம்:
ஆமாம், டன்ஜன்ஸ் & டிராகன்ஸ் விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 2000-இல் கொண்டுவந்தது. இருபது வருடத்துக்கு மேல் எத்தனையோ பேர் அதை நம்பி எழுதினார்கள். 2023 ஜனவரியில் புதிய பதிப்பின் வரைவு கசிந்தது. பழைய பதிப்பு இனி செல்லாது என்று அதில் இருந்தது. எதிர்ப்பு பெரிதானதும் பின்வாங்கி, அதே மாதக் கடைசியில் அந்த விளையாட்டின் அடிப்படை விதித்தொகுப்பான எஸ்ஆர்டி 5.1-ஐ, மூலத்தின் பெயரைச் சொன்னால் போதும் என்கிற சிசி பை 4.0-இல் வெளியிட்டார்கள்.

அந்த மாதம் நான் எழுதிக்கொண்டிருந்த சாகசத்தை என்ன செய்வது என்று தெரியாமல் கிடந்தேன். அதனால் அழுத்திச் சொல்கிறேன்: கிரியேட்டிவ் காமன்ஸில் கொடுத்ததை, நிபந்தனையை மதிக்கிறவரிடமிருந்து திரும்பப் பறிக்க முடியாது. உங்களாலும் முடியாது. அதை நன்றாக யோசித்துவிட்டு வெளியிடுங்கள். காயம் அத்தியாயம் இருக்கும்வரை உங்களுக்கு பை-எஸ்ஏ தான் பொருந்தும்.

படம் வரைந்த நண்பர்கள் இருந்தால் அவர்களிடமும் இப்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

புதுப்பகடை:
பத்து நாள் கழித்து வருகிறேன். மூல நூலைத் திறக்காமலே பயண அத்தியாயத்தை எழுதி முடித்தேன். படங்களுக்கும் சம்மதம் வந்துவிட்டது. ஆனால் எழுதும்போது வேறொன்று உறுத்தியது. 2 ஆறுமுகப் பகடை, திறமை +0 முதல் +4 வரை. நாலைந்து அமர்வுக்குப் பிறகு யாருமே தோற்பதில்லை, மேசையில் பரபரப்பே இல்லை. மொழிபெயர்க்கும்போது இது கண்ணில் படவே இல்லை.

கணக்குப்புலி:
36 சேர்க்கைகளை எண்ணிப் பாருங்கள். 7-க்குக் கீழே தோல்வி என்றால், +0-க்கு 15 சேர்க்கை, அதாவது சுமார் 42 சதவீதம். +1-க்கு 10, +2-க்கு 6, +3-க்கு 3. +4-க்கு ஒன்றே ஒன்று, இரண்டு பகடையிலும் 1 விழுந்தால்தான் தோல்வி. 20 முகப் பகடையில் ஒவ்வொரு +1-உம் அதே 5 சதவீதம்தான் நகர்த்தும். இரண்டு பகடையின் கூட்டு நடுவில் குவிவதால் இங்கே முதல் +1 மட்டுமே 14 சதவீதத்தை அள்ளிக்கொண்டு போகிறது.

இலக்கை 8, 9 என்று ஏற்ற வேண்டாம், புதியவர்கள் அடிவாங்குவார்கள். உச்சத்தை +2-இல் நிறுத்துங்கள். அதன்பின் வளர்ச்சியாக எண் தராமல், புதிதாகச் செய்யக்கூடிய ஒன்றைத் தாருங்கள்: இருட்டில் வழி தெரியும், ஒரு நாள் உணவில்லாமல் நடக்கலாம், இப்படி. 7 முதல் 9 வரை வந்தால் வெற்றியோடு ஒரு விலையும் உண்டு என்று வைத்தால் +2 உள்ளவருக்கும் உருட்டும்போது நெஞ்சு அடிக்கும்.

புதுப்பகடை:
நேற்று இப்படியே விளையாடிப் பார்த்தோம். ஆற்றைக் கடக்கும்போது 8 வந்தது. ஆள் கரை சேர்ந்தாள், விளக்கு ஆற்றோடு போயிற்று. மேசையில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள்!

பிடிஎஃப்-உடன் திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் சேர்த்து வெளியிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன், சரியா: "காயம், ஓய்வு அத்தியாயத்தின் மூலம்: நூலின் பெயர், ஆசிரியர் பெயர், இணைய முகவரி. உரிமம்: சிசி பை-எஸ்ஏ 4.0."

வரைபடப்பித்து:
ஒன்று விட்டுப்போயிற்று. மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். "ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்து, காய அட்டவணையைச் சுருக்கியுள்ளேன்" என்று ஒரு வரி. உரிமத்தின் இணைப்பையும் பக்கத்தில் கொடுங்கள். உங்கள் சொந்த அத்தியாயங்களும் அதே உரிமம்தான் என்று தனியாக எழுதினால் எடுக்கிறவர் தயங்க மாட்டார்.

புதுப்பகடை:
சேர்த்துவிட்டேன். இன்று இரவு ஏற்றுகிறேன்.