மதுரையில் மகளிர் ஆசியக் கோப்பைக் கால்பந்து தகுதிச் சுற்று: நடத்தலாமா, வேண்டாமா?

வைகைக்கரை:
2025 ஜூலை 5-இல் சியாங் மாயில் தாய்லாந்தை அவங்க மண்ணிலேயே 2–1 என்று சாய்த்துத்தான் நம்ம பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தார்கள். சங்கீதா பாஸ்போர் 29-ஆவது நிமிஷத்தில் ஒரு கோல், 74-இல் ஒன்று. தகுதிச் சுற்று ஆடி உள்ளே போனது அதுதான் முதல் முறை. அடுத்த தடவை தகுதிச் சுற்றின் ஒரு பிரிவை மதுரைக்குக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு பிரிவின் ஆட்டம் எல்லாம் ஒரே ஊரில்தான். இந்தியா ஆடிய பிரிவில் 5 அணி, 10 ஆட்டம், 13 நாள். ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பையை 2025-இல் சென்னையோடு சேர்ந்து நடத்திய ஊருக்கு இது பெரிய சுமை இல்லை. 1980-இல் கோழிக்கோட்டில் ஆசிய மகளிர் போட்டி நடந்து, இந்தியா இறுதி ஆட்டம் வரை போனது. கோழிக்கோடு அன்றைக்கு என்ன பெருநகரமா?

புல்தரை:
அண்ணே, ஹாக்கியை இதோடு சேர்க்காதீங்க. அது 91.4-க்கு 55 மீட்டர் செயற்கை விரிப்பு, தண்ணி அடித்தால் ஆட்டத்துக்குத் தயார். கால்பந்துக்கு 105-க்கு 68 வேண்டும். நம்ம மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் சுற்றிலும் ஓடுதளம் இருக்கு. 36.5 மீட்டர் வளைவுள்ள தரமான 400 மீட்டர் தளத்துக்குள் 105-க்கு 68 வரைந்து பாருங்க. கார்னர் கொடிக்கும் ஓடுதள விளிம்புக்கும் நடுவில் ஒரு மீட்டர்கூட மிஞ்சாது, 97 சென்டிமீட்டர்தான். கார்னர் அடிக்க ஓடி வருகிறவள் சிந்தெடிக் ஓடுதளத்தில் கால் வைத்து, விளிம்பைத் தாண்டி, புல்லுக்கு வர வேண்டும். பூட்ஸின் அடியில் இருக்கிற ஸ்டட் அங்கே பிடிக்காது, இங்கே பிடிக்கும். முட்டிக்குள் இருக்கிற ஏ.சி.எல். நார் அறுந்து போக அது போதும், அதுவும் பெண்களுக்கு அந்தக் காயம் ஆண்களைவிட அதிகம்.

வைகைக்கரை:
அதற்கு வழி உண்டு தம்பி. நாலு மூலையிலும் பச்சைச் செயற்கைப் புல் விரிப்பை ஓடுதளத்தின் மேல் 4 மீட்டர் வரை போட்டு, ஓரத்தை இழுத்துக் கட்டினால் போதும். ஓடுதளம் உள்ள பல மைதானங்களில் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். இல்லையென்றால் நீளத்தை 100-க்குக் குறைக்கலாம், சர்வதேச ஆட்டத்துக்கு விதி 100 முதல் 110 வரை அனுமதிக்கிறது.

புல்தரை:
விரிப்பைப் போடுவது சுலபம். புல்லடியும் விரிப்பும் ஒரே மட்டத்தில் நிற்கணும், அங்கேதான் தவறு வரும். 1 சென்டிமீட்டர் மடிப்பு போதும், கால் இடற. இன்னொன்று, தரை. நம்ம பக்கத்துக் கரிசல் கலந்த மண் மழையில் சேறு, வெயிலில் பாறை. முறையாகச் செய்தால் கீழே சல்லி, மேலே 30 சென்டிமீட்டர் மணல். ஓரத்தையும் சேர்த்து 115-க்கு 78 என்று வைத்தால் ஏறக்குறைய 950 யூனிட் மணல் (யூனிட் என்றால் 100 கன அடி). நாலு யூனிட் டிப்பரில் 240 லோடு! கழுவாத எம்-சாண்டைக் கொட்டினால் தூள் அடைத்து இறுகிவிடும், தண்ணி இறங்காது. வெயில் காலத்தில் புல்லுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணி. ஆடுகளத்துக்கு மட்டும் 35,700 லிட்டர், 12,000 லிட்டர் லாரி மூன்று. ஜூன் கடைசியில் ஊரே குடத்தோடு நிற்கும்போது இது எங்கிருந்து வரும்?

நெல்பேட்டை:
புல்லே வேண்டாம், செயற்கைத் தரை போடுங்க. விதி அனுமதிக்குது.

புல்தரை:
மத்தியான வெயிலில் அது தோசைக்கல். மாலை நாலு மணிக்கு முதல் ஆட்டம் என்றால் கால் வெந்துபோகும். தண்ணி அடித்துக் குளிர வைத்தாலும் கொஞ்ச நேரம்தான்.

காரியாபட்டி அக்கா:
இரண்டு பேரும் மைதானத்தையே சுற்றுகிறீர்கள். நம்ம காரியாபட்டி சேது எஃப்.சி. 2019-இல் மணிப்பூர் போலீஸை 3–1 என்று வென்று இந்திய மகளிர் லீக் பட்டம் வாங்கியது. தமிழ்நாடு 2018, 2023 இரண்டிலும் தேசிய சீனியர் பட்டம் வென்றது. கடலூர் இந்துமதி கதிரேசன் மாதிரி ஆட்டக்காரிகள் வந்தது தொடர்ந்து ஆட்டம் கிடைத்ததால்தான், யாரோ வந்து 13 நாள் ஆடிப் போனதால் இல்லை. 2022-இல் இந்தியாவே ஆசியக் கோப்பையை நடத்தியது, ஞாபகம் இருக்கா? ஈரானோடு 0–0. அப்புறம் கொரோனா பரவி, ஆடத் தகுதியான 13 பேர்கூடத் தேறாமல் அணியே விலக வேண்டியதாயிற்று. பந்தி போட்டவர் வீட்டுப் பிள்ளை பசியோடு நின்றது. சொந்த ஊரில் நடத்தினால் எல்லாம் கைகூடும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அந்தப் பணத்தில் மாவட்டப் பெண்கள் லீக் ஒன்றை ஆரம்பியுங்கள். 8 அணி, ஒவ்வொருவரோடும் இரண்டு தடவை, மொத்தம் 56 ஆட்டம்.

வைகைக்கரை:
அக்கா, கொரோனாப் பழியைப் போட்டி நடத்திய ஊர் மேல் ஏற்றாதீங்க. லீக் வேண்டாம்னு நான் சொல்லவே இல்லை. தகுதிச் சுற்றுக்காகப் போடுகிற தரையில்தானே உங்க 56 ஆட்டமும் நடக்கும்?

புல்தரை:
நடக்காதுண்ணே. 14 வாரம், வாரத்துக்கு 4 ஆட்டம், அதோடு பயிற்சி. கோல் வாய்ப் புல் ஒரு மாதத்தில் மொட்டை. சியாங் மாயில் ஒரு நாளைக்கு 2 ஆட்டம் என்றாலும், நடுவில் முழுசாக இரண்டு நாள் இடைவெளி இருந்தது. லீக்குக்கு அப்படி இடைவெளி விட முடியாது.

காரியாபட்டி அக்கா:
அப்போ லீக்குக்கு வேற இடம். கல்லூரி மைதானங்களைக் கேட்கலாம். 100-க்கு 64 இருந்தால் போதும், கல்லு பொறுக்கி, கோல் வாயில் மட்டும் புல் மாற்றி வைத்தால் ஆடலாம்.

வைகைக்கரை:
சரி, அதையே தகுதிச் சுற்றுக்கும் பிடித்துக்கொள்வோம். 5 அணி ஒரே வேளையில் பயிற்சி எடுக்கக் குறைந்தது மூன்று மைதானம் வேண்டும். அணிக்கு 23 வீராங்கனை, உதவியாளர் 12 என்று வைத்தால் 175 பேர். லீக்குக்குத் தயார் பண்ணுகிற இரண்டு கல்லூரி மைதானம் பயிற்சிக்கும் ஆகும்.

புல்தரை:
முதல்ல அந்த இரண்டும். ரேஸ்கோர்ஸ் மூலைகளை டேப் வைத்து அளந்து படம் போடுங்க, மணல் கணக்கை அதற்கப்புறம் பேசலாம்.

காரியாபட்டி அக்கா:
லீக் ஜனவரியில் தொடங்கணும். ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் நட்டால்தான் வேர் பிடிக்கும்.